ஜீப்பில் ஒரே ஒரு பெல்ட்

இன்று தேயிலைத் தோட்டத்து ஜீப்பில் லுணுகலை டவுனுக்குப் போனோம். ஓட்டியது என் வீட்டுக்காரர். முன் சீட்டில், தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸ்.

"பாதை மோசம், பெல்ட்டப் போட்டுக்கங்க" என்று அவரே எட்டி மாட்டிவிட்டார்.

பின்னால் இருந்த என்னிடம், "நீ கம்பியப் புடிச்சிக்க" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது.

வளைவில் சக்கரம் சேற்றில் வழுக்கி, ஜீப் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியது. பெல்ட் பிடித்துக்கொண்டதால் நர்ஸ் அசையக்கூட இல்லை. நான் உருண்டு விழுந்ததில் உதடு கிழிந்தது.

"நர்சம்மா, அடிபட்டிருச்சாங்க?" என்றார் அவர்.

"எனக்கு ஒண்ணுமில்ல. ஒங்க சம்சாரத்தப் பாருங்க!" என்று அவளே இறங்கி வந்து ரத்தத்தைத் துடைத்தாள். ஜீப் மேலேறித் திரும்பும்போது என்னை முன்னால் உட்காரவைத்து, பெல்ட்டையும் மாட்டிவிட்டு, அவள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

நல்லவள்தான். ஆனால் இவர் வழிநெடுகக் கண்ணாடியில் பின் சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

உங்கள் வீட்டுக்காரர் என்றால் என்ன செய்வீர்கள்?