நான் சொன்ன நாலடி

என் பிள்ளைகளின் அத்தை மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் ஒன்பதாவதோடு நின்ற கொத்தனார். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக என் பிள்ளைகள் இருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மூத்தவள் அடுத்த மாதம் அத்தை பார்த்த அதே வேலையில் பயிற்சிக்குச் சேர்கிறாள்.

என் ஒரே தங்கையான உங்கள் அத்தை பிறந்தது குன்னூரை அடுத்த ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா படுக்கையில் விழுந்ததும் நான் கொத்து வேலைக்குப் போனேன், அத்தை படித்தார். கோயம்புத்தூரில் டிப்ளமோ முடித்து, குவான்டிட்டி சர்வேயர் பயிற்சியில் சேர்ந்தார். தோண்டிய மண், கட்டிய கல் என்று எல்லாவற்றையும் அளந்து புத்தகத்தில் எழுதும் வேலை அது.

சேர்ந்த மூன்றாம் மாதம், பிக்கட்டிப் பக்கம் ஒரு சரிவில் தடுப்புச்சுவர் எழுப்பினோம். நானும் அங்கே கொத்தனார். அஸ்திவாரக் குழியை அளக்க அத்தை வந்த அன்று மழையும் மூடுபனியுமாக இருந்தது. நான் நின்ற பக்கம் டேப் வைத்துப் பார்த்தார், நாலடி ஆழம்.

"அண்ணா, அந்தக் கோடியிலயும் இதேதானுங்களா?"

"எல்லாம் ஒண்ணுதான் கண்ணு. சேத்துல வழுக்கி உழுந்து வெக்காதே."

நான் அந்தக் கோடியைப் பார்த்திருக்கவில்லை. அவர் என்னை நம்பி எழுதிவிட்டார். நாலு நாளில் கல் கட்டி மண்ணும் மூடியாயிற்று. அப்புறம் டீ குடிக்கும்போது மறுகோடிக் கொத்தனார் சிரித்தார். "ஏனுங்க, உங்க தங்கச்சி நாலடின்னு எழுதிருக்குதாமா? அங்க ரெண்டரை அடியிலயே பாறை. மீதியை அதையே வந்து குடையச் சொல்லுங்க."

பக்கத்தில் நின்ற அத்தைக்கும் அது கேட்டது. உடனே இஞ்சினியரிடம் கிளம்பினார். நான் வழிமறித்தேன்.

"மண்ணுக்குள்ள போனதை எவன் பாக்கப் போறான்? உன் வேலையும் போயிரும், என் மானமும் போயிரும்."

"மண்ணுக்குள்ள போனதுக்குத்தானுங்கண்ணா நாங்க எழுதறதை நம்பறாங்க."

இஞ்சினியர் அந்த இடத்தைத் திறந்து பார்க்கச் சொன்னார். தண்டனையாக அத்தையின் பயிற்சியை ஆறு மாதம் நீட்டினார்கள். திறந்த குழியில், சுவர் உட்காரப் பாறையைச் செதுக்கிய உளித் தடம் இருந்தது. "இதைச் செதுக்க எத்தனை நாளாச்சுங்க?" என்று அத்தை கேட்டார். மூன்று நாள் என்றார்கள். பாறை உடைப்பது தனிக் கூலி. அதை யாரும் எழுதவே இல்லை. அதையும் அளந்து எழுதி, அந்த ஆட்களுக்குச் சேரவேண்டியதை வாங்கிக் கொடுத்தார். அளக்க வருகிறவர்கள் நம் கூலியைக் குறைக்க வருகிறவர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஆனாலும் எனக்கு ரோஷம். அந்தப் பொங்கல்வரை அத்தையோடு பேசவில்லை. பிறகு அம்மாவுக்காகப் பேசினோம். சுவரைப் பற்றி மட்டும் பேசியதே இல்லை. அத்தை பெரிய வேலைகளுக்கு உயர்ந்தார், பலருக்குத் தொழில் பழக்கினார். போகிற இடமெல்லாம் அண்ணன் பொய் சொன்ன கதையைச் சொல்வார் என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்தல்.

நோய் வந்தபின் அத்தை நம் வீட்டில்தான் இருந்தார். சிகிச்சைக்காக வாரந்தோறும் பர்லியார் மலைப்பாதை வளைவுகளில் குலுங்காமல் வண்டி ஓட்டிப்போன டிரைவர் தம்பிக்கும், மாற்றி மாற்றிக் கஞ்சி கொண்டுவந்த லைன் வீட்டாருக்கும், முகம் சுளிக்காத நர்ஸ் அம்மாக்களுக்கும் எங்கள் நன்றி. அத்தையிடம் பயிற்சி பெற்ற மூன்று பெண்கள் கடைசி வாரம் முழுக்கக் கூடவே இருந்தார்கள். அவர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வேன். அவர்களில் ஒருத்தியிடம், அத்தை என்ன சொல்லித் தந்தார் என்று கேட்டேன்.

"மொத நாளே ஒரு சுவர் கதை சொல்லுவாங்கங்க. கொத்தனார் ஒருத்தர் அவர் நின்ன பக்கத்து அளவைச் சரியாச் சொன்னாராம். மறுகோடிக்கு நடக்காம எழுதினது மேடம்தானாம். அந்தக் கொத்தனார் யாருன்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டாங்க."

அன்று நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், அது நான்தான். மறுகோடியும் நாலடி என்று, பார்க்காமலே சொன்னவனும் நான்தான். பிள்ளைகளே, அத்தை சொன்ன கதையில் இந்த இடத்தை மட்டும் திருத்தி வைத்துக்கொள்ளுங்கள்.