ஜீப்புக்குப் போட்ட வாய்ப்பூட்டு

எங்கள் அப்பாவின் ஜீப் வெள்ளிமலைக்கு ஏறி வருவதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் எங்கள் ஊரில் யாரும் கிடையாது. கீழே ஏதோ ஒரு வளைவில் அது திரும்பும்போதே எங்கள் வீட்டு அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிடும். "எங்க அப்பா வந்துட்டாரு" என்று தெருவுக்கே அறிவிப்பேன். யாரும் கேட்கமாட்டார்கள், இருந்தாலும் அறிவிப்பேன். பழைய பெட்ரோல் ஜீப் ஒன்றை வாங்கி, அதில் டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்து, புகைக்குழாயையும் தன் இஷ்டப்படி நேராக வெளியே இழுத்துவிட்டிருந்தார் அப்பா. சைலன்சர் கிடையாது. அதை மாட்டினால் வண்டி மலையேற இழுக்காது என்பது அவர் கட்சி. நானும் அதே கட்சிதான். ஜீப் பள்ளிக்கூடத்தைக் கடக்கும்வரை வாத்தியாரே பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அந்த நேரத்தில் நான் மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

அம்மாவுக்குத்தான் அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. எனக்குப் பிறகு பிறந்த குழந்தை ஒன்று வீட்டிலேயே பிரசவமாகி, அன்றைக்கே போய்விட்டது. அதனால் இந்தமுறை பிரசவத்துக்குக் கள்ளக்குறிச்சிப் பெரியாஸ்பத்திரிக்கு வந்தே ஆகவேண்டும் என்று நர்சம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மாவோ, "அந்தச் சனியன்ல ஏறமாட்டேன். அது உறுமுனா வவுத்துல கீறது எட்டி ஒதைக்குது" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் சின்னசேலத்திலிருந்து என் தாய்மாமனை வரவழைத்தார்கள். அவர் அங்கே வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். ரெசனேட்டர் என்று அப்பாவிடம் ஒரு பெயரைச் சொன்னார். "சைலன்சர் பொகையை அடைக்கும் மாமா. இது அடைக்காது. பொகை நேராப் போய்க்கினே இருக்கும். சத்தம் மட்டும் சுத்திக் கீற டப்பாவுல பூந்து அங்கயே அடங்கிடும்" என்றார். பம்புசெட்டின் பழைய குழாயை வெட்டி, துளை போட்டு, அதன்மேல் பெரிய குழாயைச் சொருகி ஒட்டினார். ஓட்டிப் பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார், கழற்றி மறுபடி வெட்டுவார். அப்பா எழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் எங்கள் வாசலில் ஜீப் வந்து நின்றிருந்தது. வந்ததே எனக்குத் தெரியவில்லை. நான் ஓவென்று அழுதேன். அம்மா சிரித்துக்கொண்டே, "இப்ப கூப்புடு, ஏர்றேன்" என்றாள். அவள் கட்சி ஜெயித்துவிட்டது.

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. கீழே சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் எல்லாம் நின்றுபோயிருந்தது. அம்மாவுக்கு நாள் தள்ளி வரவேண்டிய வலி அப்போது பார்த்து வந்துவிட்டது. அப்பா வண்டியை எடுத்தார், மாமா முன்னால் ஏறினார். என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லை என்பதால் பின்னால் அம்மா பக்கத்தில் எனக்கும் இடம் கிடைத்தது. மலை இறங்கும்வரை ஜீப் பரமசாதுவாக இறங்கியது. அம்மாவும் முந்தானையைப் பல்லில் கடித்தபடி சத்தமே போடாமல் வந்தாள்.

கள்ளக்குறிச்சிக்கு முன்னால் பெரிய புளியமரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே கிடந்தது. கையில் கல்லோடு இளவட்டங்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஆஸ்பத்திரி கேசா? காலைலேர்ந்து எல்லா வண்டியும் இதையேதான் சொல்லிக்கினு வருது. தார்ப்பாயைத் தூக்கு, பாக்கலாம்."

"பொம்பள வலில கீறா தம்பி. தூக்காத" என்று அப்பா இறங்கிக் குறுக்கே நின்றார்.

"எந்த ஊரு வண்டி?"

"வெள்ளிமல ஜீப்பு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "வெள்ளிமல ஜீப்பா? அது வந்தா எங்க கொல்லில மாடு கயித்த அறுத்துக்கினு ஓடும். இது பூன மாதிரி வந்து நிக்குது. ஆர ஏமாத்தற?" அவர்கள் உள்ளடங்கிய ஊர்க்காரர்கள். எங்கள் ஜீப்பைப் பார்த்ததில்லை. வயலில் நின்று காதால் கேட்டதோடு சரி. ஒருவன் கண்ணாடிக்கு நேராகக் கல்லை ஓங்கினான்.

மாமா கீழே இறங்கினார். ஸ்பேனரையும் ஒரு சாக்கையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். குழாய் கொதித்துக்கொண்டிருந்திருக்கும், "ஸ்ஸ்" என்று அவர் பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது. டப்பா தரையில் விழுந்தது.

"மாமா, அமுக்குங்க!" என்று அடியிலிருந்தே அப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

அப்பா ஓடி ஏறி ஆக்சிலேட்டரை அமுக்கினார். அடேயப்பா! என்ன ஒரு சத்தம்! சாலையோர மரங்களில் இருந்த காக்கைகளெல்லாம் பறந்தோடின. கல்லை ஓங்கியவன் அதை அப்படியே கீழே போட்டான். "டேய், நம்ம ஜீப்புடா! பாம்பு கடிச்ச எங்க சித்தப்பன ராத்திரில இட்டுக்கினு போனது இதாண்டா!" என்று ஒருவன் கூவினான். அடுத்த நிமிடம் அத்தனை பேரும் மரத்தில் கை வைத்தார்கள். மரம் நகர்ந்து வழி விடும்வரை அப்பா காலை எடுக்கவே இல்லை. என் மணிக்கட்டை அம்மா இறுக்கிப் பிடித்திருந்தாள். எனக்குப் பெருமையில் வலிகூடத் தெரியவில்லை.

மாமா டப்பாவைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தார். "ஒரு நிமிசம் அக்கா, மாட்டிடறேன்."

அம்மா வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். "வேணாண்டா. அப்டியே போவட்டும். உங்க மாமாவ நல்லா அமுக்கச் சொல்லு."

அவ்வளவுதான், அம்மாவும் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டாள்! தம்பி நல்லபடியாகப் பிறந்த சேதியைவிட அதைத்தான் நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஆஸ்பத்திரி வாசல்வரை ஜீப் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே போனது. இத்தனை பெரிய சத்தம் அது அதற்கு முன்னால் எந்த மலையிலும் போட்டதில்லை. அதில் பாதி என் காதுக்குப் பக்கத்திலிருந்து, அம்மாவின் வாயிலிருந்து வந்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.