மனுதாரர் இருதயராஜ்

அன்றைக்கு உப்பளத்து ஷெட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. நான் இருந்தேன். பாத்தியில் என்னோடு உப்பு வாரிய காசியம்மா இருந்தாள். கூனிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்யும் ரஹீம் பாய் இருந்தார். ஆரோவில்லில் தோட்ட வேலை பார்க்கும் இடையஞ்சாவடி முருகன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். எங்கள் ஓடைக் குழுவின் செயலாளர் செல்வமணி இருந்தார். வர வேண்டியவர் இருதயராஜ் ஒருவர்தான். அவர் வந்தால்தான் எங்களுக்குக் கூட்டம் தொடங்கும்.

ரஹீம் பாயின் போன் அடித்தது. "சொல்லும்மா" என்று காதில் வைத்துக் கேட்டார். போனைச் சட்டைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். "இருதயராஜ் போயிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னு ஆட்டோவுல ஏத்திருக்காங்க. ஆஸ்பத்திரி போய்ச் சேரல." காசியம்மா மாரில் அடித்துக்கொண்டு எழுந்தாள். முருகன் சுவரைப் பிடித்துக்கொண்டான். செல்வமணியின் வாயிலிருந்து வந்த முதல் சொல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அப்போ கேஸு?" என்றார்.

உங்களில் பலருக்கு இருதயராஜை எடைமேடைக்காரராகத் தெரியும். உப்பு லாரி ஏறி நிற்க, கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எடை பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தவர். கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் வாசகம் வாசிப்பவராகத் தெரியும். எனக்கு அவர் தம்பி. கூடப் பிறந்தவர் இல்லை. நான் வீரன் கோயிலுக்குப் படையல் போடுகிறவள், அவர் மாதா கோயில்காரர். ஆனாலும் என்னை அக்கா என்று கூப்பிட்டு, அந்த வார்த்தைக்குத் தகுந்தபடி நடந்துகொண்ட மனுஷன் அவர் ஒருவர்.

இறால் பண்ணையிடமிருந்து ஓடையைக் காக்க நாங்கள் சேர்ந்த குழு எப்படி நடக்க வேண்டும் என்று வகுத்தவர் அவர்தான். யாரும் தனியாகப் போய் எந்த அதிகாரியையும் பார்க்கக் கூடாது. இறால் பண்ணைக்காரர்கள் வழியில் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால்கூட அதைக் கூட்டத்தில் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை முருகன் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தான்.

"பண்ணை மேனேஜர் டீ வாங்கிக் குடுத்தாருண்ணே."

"டீ மட்டும்தானா?"

"ஒரு போண்டா."

"ஒண்ணா?"

"ரெண்டுண்ணே. ரெண்டாவது அவரா வச்சாரு."

இருதயராஜ் சிரிக்காமல் திரும்பி, "செல்வமணி, எழுதிக்கப்பா. டீ ஒண்ணு, போண்டா ரெண்டு, ரெண்டாவது வற்புறுத்தலின் பேரில்" என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் ஷெட்டுத் தகரம் அதிர்ந்தது. அதற்குப் பிறகு எவனும் போண்டாவுக்கு மயங்கவில்லை.

வட்டமாகக் கையெழுத்துப் போடும் வழக்கமும் அவருடையதுதான். முன்பு ஒரு மனுவில் காசியம்மாவின் வீட்டுக்காரர் முதலில் கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டு பேர் பைக்கில் வந்து அவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். "நீதான் மொத ஆளா?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான் கேட்டார்கள். அந்த மனுஷன் அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. அடுத்த மனுவுக்கு இருதயராஜ் என் வீட்டுச் சில்வர் தட்டை வாங்கிப் பேப்பரில் கவிழ்த்து, சுற்றிக் கோடு இழுத்தார். அந்தக் கோட்டின் மேல் எல்லோரும் சுற்றிலும் கையெழுத்துப் போட்டோம். யார் முதல், யார் கடைசி என்று எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது. தாலுகா ஆபீசில் அதை வாங்கியவர் பேப்பரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இன்னாய்யா இது, கோலம் போட்டு எடுத்தாந்திருக்கீங்க? எங்கருந்து படிக்கிறது?"

"எங்கருந்து வேணா படிங்க சார். எல்லாம் ஒரே சேதிதான்" என்றார் இருதயராஜ்.

அந்த வட்டம் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பண்ணைக்காரர்கள் ஓடையின் குறுக்கே மண் கொட்டிய அன்றுதான் அது உடைந்தது. ஓடை என்பது கழுவெளி ஏரிக்கும் கடலுக்கும் நடுவே தண்ணீர் போய் வருகிற வழி. அதில் பாதியை அடைத்துக் கரை போட்டுவிட்டார்கள். இறால் குட்டையில் இருந்து வந்த கழிவு உள்ளேயே தேங்கியது. பாத்திக்குப் பாய்ந்த தண்ணீர் நாறியது. உப்பு பழுப்பு நிறத்தில் விளைந்தது. வியாபாரி ஒரு கை அள்ளிப் பார்த்தார், கொட்டினார், பேண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். கோர்ட்டுக்குப் போவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

சென்னையில் இருந்து ஒரு வக்கீலம்மா வந்தார். சின்ன வயசு, நல்ல பெண். எங்கள் வட்டத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு அதைப் போட்டோகூட எடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "கேஸை வட்டமா போட முடியாதுங்க. மனுதாரர்னு ஒரு பேரு வேணும். அந்தப் பேருல எந்த வில்லங்கமும் இருக்கக் கூடாது."

"என் பேரைப் போடு தாயி" என்றேன். "நான் யாருக்கும் பயந்தவ இல்ல."

"உங்க வீட்டுக்குப் பட்டா இருக்குதா ஆயா?"

எங்கள் தெருவில் யாருக்கும் பட்டா கிடையாது. மொத்தத் தெருவும் ஓடைப் புறம்போக்கில் இருக்கிறது. "ஓடை நிலத்தை ஆக்கிரமிச்சிட்டாங்கன்னு நீங்க கேஸ் போட்டா, அவங்க வக்கீல் மொதல்ல உங்க வீட்டைத்தான் காட்டுவாங்க" என்றார் வக்கீலம்மா. காசியம்மாவும் என் தெருதான். ரஹீம் பாயின் வீடு அண்ணன் பேரில் இருந்தது. முருகன் வெளியூர். சொந்தப் பட்டாவில் குடியிருந்தவர்கள் குழுவில் இரண்டே பேர்: இருதயராஜ், செல்வமணி.

செல்வமணி தொண்டையைச் செருமினார். "பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கேன். இப்போ கோர்ட்டு கேஸுன்னு தெரிஞ்சா வர்றவன் ஓடிடுவான். கல்யாணம் முடியட்டும், நானும் சேந்துக்குறேன்."

"சரிப்பா. அது வரைக்கும் நான் நிக்கிறேன்" என்றார் இருதயராஜ். கல்யாணம் வரைக்கும் என்றுதான் அந்த மனுஷன் தலையைக் கொடுத்தார். அதை நீங்கள் மறக்கக் கூடாது.

வழக்கு முடிகிற வரை கரையை மேலே நீட்டக் கூடாது என்று தடை கிடைத்தது. நாங்கள் பொங்கல் வைத்துக் கொண்டாடினோம். அது இருதயராஜின் கழுத்தில் விழுந்த சுருக்கு என்று பிறகுதான் தெரிந்தது. வழக்கு முடியவில்லை. வாய்தா மேல் வாய்தா. அவர் பெயரை எடுத்தால் தடை போய்விடும். தடை போனால் ஓடை போய்விடும். பெயர் இருந்தால் அவருடையது எல்லாம் போகும்.

முதலில் வேலை போனது. எடைமேடை முதலாளி அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். "பேரை எடுத்துடு ராஜு, நாற்காலியில உக்காரு. ரெண்டும் முடியாது" என்று சொல்லிவிட்டார். அடுத்து மகள். இருதயராஜின் மருமகன் அந்தப் பண்ணைக்கே வண்டி ஓட்டுகிறவன். "உங்கப்பன் பேரு அங்க இருக்குற வரைக்கும் அந்த வீட்டு வாசப்படி மிதிக்காத" என்று மகள் சகாயத்திடம் சொல்லிவிட்டான். கிறிஸ்துமஸுக்கும் அவள் வரவில்லை. இருதயராஜின் மனைவி பிலோமினா கேக்கை வெட்டித் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அதற்குப் பிந்திய கூட்டத்தில்தான் அவர் முதன்முதலாகக் கேட்டார். "என் பேரை எடுத்துடலாமா?" என்றார். குரல் உயரவே இல்லை. வக்கீலம்மாவைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டோம். "எடுக்கலாம் சார். ஆனா இன்னொருத்தர் பேரைச் சேத்துட்டு எடுக்கணும். இல்லேன்னா தடை நிக்காது."

எல்லோரும் செல்வமணியைப் பார்த்தோம்.

"பொண்ணு மாசமா இருக்குறா. இந்த நேரத்துல வீட்டுல டென்ஷன் கூடாது" என்றார் செல்வமணி.

"கல்யாணம் முடியட்டும்னே. முடிஞ்சுது. இப்போ புள்ள பொறக்கட்டும்ன்ற. அப்புறம் அது பள்ளிக்கூடம் போவட்டும்ப, காலேஜ் முடிக்கட்டும்ப. உன் பேரன் கல்யாணத்துக்காவது கையெழுத்துப் போடுவியா, இல்ல அதுக்கும் ஜாதகம் பாக்கணுமா?" என்று கேட்டேன். முருகன் வாயைப் பொத்திக்கொண்டான். செல்வமணி மினிட்டு நோட்டை மூடினார்.

வெளியே வந்ததும் இருதயராஜ் என்னைத் தடுத்தார். "விடுக்கா. பயப்படுறவனை இழுத்தாந்து நிறுத்துனா, கோர்ட்ல போய் கவுந்துடுவான். அதுக்கு நானே நின்னுட்டுப் போறேன்."

"உனக்குக் கோவமே வராதா தம்பி?"

"வந்து?" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லா விஷயமும் பேசி முடிந்த பின், "கடைசி விஷயம். இன்னொரு பேரு சேக்கலாமா?" என்று கேட்பார். கெஞ்ச மாட்டார். திட்ட மாட்டார். பூசையில் வாசகம் வாசிக்கிற மாதிரி வாசிப்பார். அவர் "கடைசி" என்று சொல்லும்போதே ஆளாளுக்குச் செருப்பைத் தேடுவார்கள். செல்வமணிக்கு அந்த நேரம் பார்த்துப் போன் வரும். ஒருநாள் ரஹீம் பாய், "செல்வமணி, போனு அடிக்கவே இல்லியே, யார்கிட்ட பேசுறீங்க?" என்று கேட்டுவிட்டார். சைலண்டில் இருக்கிறதாம்.

ஒரு சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கையில் நானும் அவரும் அந்த எடைமேடையைப் பார்த்தபடி நின்றோம். அவர் இருந்த கண்ணாடி அறையில் வேறு ஒரு ஆள் இருந்தான். மேடையில் ஒரு லாரி நின்றது. முன்னாலும் ஒரு வண்டி, பின்னாலும் ஒரு வண்டி. நடுவில் இருந்த டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். "பாருக்கா. மேடைக்கு மேல ஏறுற வரைக்கும்தான் அது அவன் வண்டி. ஏறிட்டா, முன்னாடி இருக்கிறவன் நகரணும், இல்ல பின்னாடி இருக்கிறவன் நகரணும். இவன் ஹாரன் அடிக்கலாம், அவ்ளோதான்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "நான் அதுகூட அடிக்கிறதில்ல" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் இறந்த முப்பதாம் நாள் ஜெபத்துக்கு எல்லோரும் அவர் வீட்டுக்குப் போனோம். சகாயம் வந்திருந்தாள். அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் அவள் அழுத அழுகையைச் சாவு வீட்டிலேயே பார்த்திருந்தேன், அதனால் அவள் மேல் எனக்கு இருந்த மனத்தாங்கலை அங்கேயே விட்டுவிட்டேன். ஜெபத்தன்று காலையில் அவள் என் எதிரிலேயே தாயிடம் சொன்னாள்: "அம்மா, வீட்டைப் பூட்டிட்டு எங்க கூட வந்துடு. அவரும் சரின்னுட்டாரு. இனிமே என்ன இருக்குது?" பிலோமினா இரண்டு புடவையை மடித்துப் பையில் வைத்திருந்தாள். அதையும் நான் பார்த்தேன்.

ஜெபம் முடிந்தது. பங்குச் சாமியார் கிளம்பினார். சாப்பாட்டு இலை போடும் முன்பு, செல்வமணி ஒரு பிளாஸ்டிக் பைலைத் திறந்தார். இருதயராஜின் போட்டோ இருந்த மேசையில், மெழுகுவத்தியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, காகிதத்தை விரித்தார்.

"அண்ணி, சட்டப்படி நீங்கதான் வாரிசு. வாரிசு வந்தா ரொம்ப சுலபம்னு வக்கீலம்மா சொன்னாங்க. அண்ணன் ஆரம்பிச்சது. அவர் ஆன்மா சாந்தி அடையணும் இல்லையா?"

அவர் வக்கீலம்மாவிடம் போனில் பேசியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். வக்கீலம்மா சொன்னது முழுக்க எனக்குத் தெரியும். "மீதியையும் சொல்லு செல்வமணி. பட்டா இருக்குற வேற யாரு வந்தாலும் ஆவும்னு சொன்னாங்களே, அது எங்க போச்சு?"

"அது லேட்டாகும்கா. அதுக்குள்ள தடை போயிடுச்சின்னா?"

சகாயம் குறுக்கே வந்து தாயின் தோளைப் பிடித்தாள். "வேணாம்மா. நீ போட்டுட்டா நான் மறுபடியும் வர முடியாது. உன்னைக் கூட்டிட்டும் போக முடியாது. அவரு விட மாட்டாரும்மா."

பிலோமினா சுற்றிலும் பார்த்தாள். காசியம்மாவை, ரஹீம் பாயை, முருகனை, என்னை. பட்டா இல்லாதவர்கள் நாங்கள் நாலு பேரும் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றோம். பட்டா இருந்தவர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டிக்கொண்டிருந்தார். நான் போய் அந்தப் பேனாவைப் பிடுங்கினேன்.

பிலோமினா என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "குடுங்கக்கா. இவங்கள்ல வேற யாரும் போட மாட்டாங்க" என்றாள். பிறகு செல்வமணியிடம், "எங்க போடணும்?" என்று கேட்டாள். அவர் விரலை வைத்து இடத்தைக் காட்டினார். சகாயம் சாப்பிடாமலே போனாள். மடித்த புடவையைப் பையிலிருந்து எடுத்துப் பிலோமினா மறுபடி அலமாரியில் வைத்தாள்.

ஓடை இன்றைக்கும் பாதி திறந்து கிடக்கிறது. தடை நிற்கிறது. அடுத்த வாய்தாவுக்குப் பிலோமினா சென்னைக்குப் போகிறாள், நானும் கூடப் போகிறேன்.

இருதயராஜிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்பீர்கள். அவரைப் போலப் பொறுமையாக இருக்க எனக்கு வராது, அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மனுஷன் யார் மேலும் கோபப்படாமல் போய்ச் சேர்ந்தார். அவர் படாமல் விட்ட கோபம் முழுவதையும் நான் எடுத்து வைத்திருக்கிறேன். அதைப் பங்கு போட மாட்டேன். பண்ணைக்காரன் எதிராளி, அவன் செய்வது அவன் வேலை. எடைமேடை முதலாளி வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர். மருமகன் அந்தப் பண்ணைச் சோற்றைத் தின்கிறவன். இவர்களை எல்லாம் என்றைக்காவது நான் விட்டுவிடலாம்.

செல்வமணியை விட மாட்டேன்.