கன்னடம் மட்டும் அறிந்த தாய்க்கு

ஆனைமுகன் தாள் பணிந்து எழுதுகிறேன்.

சென்ற கார்த்திகைச் சோமவாரத்தன்று, ஓசூர் நூலகத்தின் வாசகர் கூட்டத்தில் நூல்களைப் பரிந்துரைத்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையில் பணிபுரியும் கர்நாடக எல்லையோரத் தளி ஊர்ப் பெண்ணொருத்தி, படுக்கையிலிருந்த தன் தாய்க்குப் படித்துக்காட்ட நூல் கேட்டாள். நான் உருகிப் படிக்கும் பதிகத் தொகுப்பை மகிழ்ந்து கொடுத்தேன்.

தை பிறந்தபின் அதைத் திருப்பித் தந்தாள். "அம்மா போயிட்டாங்கய்யா."

"பதிகங்களைக் கேட்டாரா?" என்றேன்.

"அவங்களுக்குக் கன்னடந்தாங்கய்யா தெரியும். கதைப் புத்தகம்னா படிச்சுக் கன்னடத்துல சொல்லியிருப்பேன். இது எனக்கே புரியல. பெரியவர் குடுத்தது, விடக்கூடாதுன்னு தினமும் படிச்சேன். அம்மா என் வாயையே பாத்துட்டிருந்தாங்க."



இப்போதெல்லாம் நூலை எடுக்குமுன், கேட்கப்போகிறவர் யார், அவர் மொழி எது என்று வினவுகிறேன். இதை வாசிப்போர் இல்லங்களில், கடைசிச் சொல்லும் உரியவர் நெஞ்சில் சென்று சேர இறைவன் அருள்க.