கல்மண்டபத்தில் கன்னத்துக்கு ஊசி

அழகு ஊசி போடும் கிளினிக்கில் நர்ஸாக இருப்பவளுக்கு ஊசியை எடுத்துக் கொடுப்பது கால்வாசி வேலைதான். மீதி முக்காலும், வருகிறவர்கள் மறைப்பதைப் பிடுங்குவது. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா!

எங்கள் டாக்டரம்மா கல்மண்டபம் ஏரியாவில் மீன்வலைக் கடை மாடியில் தோல் கிளினிக் திறந்தது, செல்போனில் கேமரா வந்து ஆளாளுக்குத் தன் மூஞ்சியைத் தானே பார்த்துப் பயந்துகொண்டிருந்த காலம். "ஆறு மாசம் பார்ப்பேன் கலா. இந்த ஊர் நம்பலைன்னா அண்ணா நகருக்குப் போயிடுவேன்" என்றார். அண்ணா நகர் என்றால் எனக்கு இரண்டு பஸ். கல்மண்டபம் என்றால், துறைமுகத்தில் இடுப்பில் அடிபட்டுப் படுத்திருந்த என் வீட்டுக்காரருக்கு மத்தியானம் ஓடிப்போய்ச் சோறு போட்டுவிட்டு வந்துவிடலாம். அதனால் ஊரை நம்ப வைக்கிற பொறுப்பை, யாரும் கேட்காமலே என் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டேன்.

சொந்தச் சரக்கு

முதல் ஆளாக வந்தவர் திருவொற்றியூரில் மெஸ் நடத்தும் ராணியம்மா. கன்னம் ஒட்டிப்போச்சு, நிரப்பணும் என்றார். மருந்து பேர் ஹயலூரானிக் ஆசிட் என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லித் தொலைக்க, 'ஆசிட்' என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"ஐயோ அம்மா, சுடுற ஆசிட் இல்ல. ஜெல்லு. நம்ம தோலுக்கு அடியில இயற்கையாவே இருக்கிற பொருள்தான், தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். வயசானா குறையுது, அதான் ஊசியில போடுறோம்" என்று மூச்சு விடாமல் விளக்கினேன். ராணியம்மா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். பிறகு சேலையை விலக்கி, வயிற்றை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக் காட்டினார்.

"உடம்புலயே கீதுன்னா இன்னாத்துக்கு வெளிய வாங்குற? இந்தா, இங்க தாராளமா கீது, எடுத்து அங்க போடு!"

மருந்து வேறு, சாப்பாடு வேறு

வண்ணாரப்பேட்டையில் துணி வியாபாரம் செய்யும் பாய் ஒருவர். தங்கமான மனுஷர். மகள் நிக்காஹுக்கு இரண்டு மாதம் முன்னால், வாயோரக் கோடுகளைக் கொஞ்சம் சரிசெய்ய வந்தார். "ரத்தம் உறையாம இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று மூன்று தடவை கேட்டேன். "அல்லா புண்ணியத்துல ஒரு மருந்தும் இல்லம்மா" என்று மூன்று தடவையும் சொன்னார். ஊசி போட்ட மறுநாள் காலையில் வந்து நின்றார் பாருங்கள், வாயின் இரண்டு பக்கமும் கத்தரிக்காய் நிறம்!

டாக்டரம்மா நோண்டி நோண்டிக் கேட்டதில், தினம் காலையில் நெஞ்சுக்காக ஆஸ்பிரின் போடுகிறார் என்று தெரிந்தது. "நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டேன் பாய். உங்க இதய டாக்டரைக் கேட்டுக்கிட்டு, ஜாக்கிரதையா போட்டிருப்பேன்" என்றார். பத்து நாளில் நிறம் மாறிவிட்டது, நிக்காஹ் ஜாம் ஜாமென்று நடந்தது. ஆனால் அன்றைக்கு, ஏன் பாய் மறைத்தீர்கள் என்று நான் அழாத குறையாகக் கேட்டபோது அவர் என்னைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்.

"பத்து வருஷமா சாப்பிடுறேம்மா, அது எப்படி மருந்தாவும்? அது சாப்பாடு!"

அமுக்கக் கூடாது

வியாசர்பாடி பாக்ஸிங் மாஸ்டர் பழைய குத்து வாங்கிப் பள்ளமான கன்னத்தோடு வந்தார். பெண் பார்க்கப் போட்டோ கொடுக்கணுமாம். பள்ளம் அழகாக நிரம்பியது. "ரெண்டு வாரத்துக்கு அந்த எடத்தை அமுக்காதீங்க, தேய்க்காதீங்க" என்று படிப்படியாகச் சொல்லி அனுப்பினோம். மூன்றாம் நாள் கன்னத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டியோடு வந்தார். டாக்டரம்மா ஜெல்லை மெதுவாக நீவிச் சமன் செய்துகொண்டே, ஏன் அமுக்கினீர்கள் என்று கடிந்துகொண்டார். மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நான் சத்தியமா அமுக்கலை மேடம், என்கிட்டதான சொன்னீங்க? என்னைக் குத்துனவன்கிட்ட யாரு சொன்னா?"

கப்பலில் வந்த டியூப்

எண்ணூரிலிருந்து வந்த ஒரு பெண், கப்பலில் வேலை செய்யும் மச்சான் கொண்டுவந்தது என்று ஒரு டியூபை மேசையில் வைத்தார். "சாமான் எங்களுது, ஊசி மட்டும் நீங்க போடுங்க." அதில் இருந்த எழுத்தைப் படிக்க டாக்டரம்மாவாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை, மச்சானாலும் முடியாதாம்.

"உள்ள சிலிகான் இருந்தா ஆயுசுக்கும் எடுக்க முடியாதும்மா. நாங்க போடுறதுல ஏதாவது கோளாறுன்னா கரைக்க இன்னொரு மருந்து இருக்கு. அது கையில இல்லாம நான் ஊசியையே தொட மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. நான் பெருமையாக ஃப்ரிட்ஜைத் திறந்து அந்தக் குப்பியைக் காட்டினேன். அந்தப் பெண் டியூபைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

"கரைக்கவும் மருந்து வாங்கி வெச்சிகினு கீறீங்களே, உங்களுக்கே உங்க மேல நம்பிக்கை இல்லையா?"

வஞ்சிரம்

இப்படியே ஆறு மாதத்தில் மூன்று வாரம்தான் பாக்கி. டாக்டரம்மா அண்ணா நகரில் இடம் பார்த்துவிட்டார். அப்போதுதான் வந்தாள் தேசம்மா. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவள். அவள் வாயைத் திறந்தால் துறைமுகமே திரும்பிப் பார்க்கும். "நான் சிரிச்சா அழுவுற மாதிரி கீதுன்றானுங்கோ" என்று மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கும் இரண்டு கோடுகளையும் காட்டினாள். இவள் மூஞ்சி நன்றாக வந்தால் காசிமேடே படியேறும். கோணிக்கொண்டால் அன்றோடு கடையைச் சாத்த வேண்டியதுதான்.

துறைமுகத்துக்காரர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். தேசம்மா, என் கை நீளத்துக்கு ஒரு வஞ்சிரத்தை என் மேல் சாய்த்தாள். மே மாத வெயில். வேண்டாமென்றால் கோபித்துக்கொள்வாள், வெளியே வைத்தால் நாறிவிடும். எங்களுடையதோ குட்டி ஃப்ரிட்ஜ். மருந்து டப்பாவை எடுத்து, கீழே வலைக்கடைக்குப் பக்கத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் பாயிடம் "அரை மணி நேரம் உங்க ஃப்ரிட்ஜ்ல வெச்சிருங்க பாய்" என்று கொடுத்துவிட்டு, மீனை உள்ளே படுக்க வைத்தேன். டாக்டரம்மாவிடம் மூச்சு விடவில்லை.

வலது பக்கம் அருமையாக முடிந்தது. இடது பக்கம் பாதியில் டாக்டரம்மாவின் கை நின்றது. மூக்கோரத்திலிருந்து மேலுதடு வரை தோல் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஜெல் ரத்தக்குழாயை அடைத்துவிட்டது. விட்டால் அந்த இடத்துச் சதையே செத்துப்போகும். "கலா, கரைக்கிற மருந்து" என்றார், குரலை உயர்த்தாமல். ஃப்ரிட்ஜைத் திறந்தேன். வஞ்சிரம் என்னைப் பார்த்தது.

படியில் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. கீழே மெடிக்கல் ஷட்டர் சாத்தியிருந்தது. வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை! தெருக்கோடியில் வெள்ளைக் குல்லாக்கள் போய்க்கொண்டிருந்தன. "பாய்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். முப்பது பேர் திரும்பினார்கள். அதில் எங்கள் மெடிக்கல் பாயும் இருந்தார், கடவுள் புண்ணியம். "மூக்கு போயிடும் பாய், மூக்கு!" என்று நான் அலறியதும், அவர் ஒன்றும் கேட்காமல் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிவந்து ஷட்டரைத் தூக்கினார்.

அதற்குள் டாக்டரம்மா சுடுதுணி வைத்து நீவிக்கொண்டிருந்தார். மருந்தைக் கரைத்துக் குத்தினார், பொறுத்துப் பார்த்து மறுபடியும் குத்தினார். வெள்ளை மெல்ல மெல்லச் சிவந்தது. விரலால் அமுக்கி எடுத்தால் ரத்தம் திரும்பி ஓடிவந்தது. நான் சுவரோடு சரிந்து உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். டாக்டரம்மா நடந்ததை அப்படியே தேசம்மாவிடம் சொன்னார். மீன் கதையை நான் சொன்னேன். என்னைத் திட்டவில்லை அந்த மகராசி. கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். வலப்பக்கம் வழவழ, இடப்பக்கம் பழைய கோடு அப்படியே. இரண்டு வாரம் கழித்துச் சரிசெய்து தருகிறேன் என்றார் டாக்டரம்மா. கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

சனி, ஞாயிறு எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை காலையில் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். பதினோரு மீன்காரப் பெண்கள்! அடிக்கத்தான் வருகிறார்கள் என்று கதவைப் பிடித்துக்கொண்டேன். முன்னால் வந்தவள் என்னைத் தள்ளிவிட்டு பெஞ்சில் இடம் பிடித்தாள். தேசம்மா இரண்டு நாளாக ஏல மேடையில் ஏறி, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டிக் கூவினதை, வந்தவள் அதே தொண்டையில் எங்களுக்குக் கூவிக் காட்டினாள்:

"இந்தப் பக்கம் பாரு, டாக்டரு போட்டது! அந்தப் பக்கம் பாரு, டாக்டரு எடுத்தது! குத்துறவன் ஊரெல்லாம் கீறான், எடுக்கத் தெரிஞ்சவ ஒருத்திதான்!"

ஆக, எங்கள் கிளினிக்கைக் கல்மண்டபத்தில் நிற்க வைத்தது டாக்டரம்மாவின் படிப்புமில்லை, வெளிநாட்டு ஜெல்லுமில்லை, நான் செய்த மடத்தனத்தை வாய் வலிக்கக் கூவி விற்றுக் கொடுத்த தேசம்மாவின் அந்தத் தொண்டைதான்.