ஆறாவது இடத்தில் இருந்த அல்பம்

முதலாவது இடம் கறுப்புப் படம் போட்ட பாட்டு அல்பத்துக்குத்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை வாசித்தால் இது மாறும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஸ்கந்தபுரத்தில் எனக்கு ஒரு அரைக்கும் மில் இருக்கிறது. அரிசி, மிளகாய், மல்லி எல்லாம் அரைப்பேன். சுவிஸில் இருக்கும் தம்பி மூன்று வருடத்துக்கு முதல் வந்தபோது தன் பழைய ஃபோனை எனக்குத் தந்துவிட்டுப் போனான். அதில் ஆறு அல்பங்களை அழிக்க மறந்துவிட்டான். ஆறும் ஒரே ஆளுடையவை. ஏதோ ஒரு குளிர் நாட்டுக்காரன். கிற்றாரை வைத்துக்கொண்டு இரும்பு அறுக்கிறவன். இரைச்சல் ரொக் இசை என்று அதற்குப் பெயராம். அப்போது எனக்கு அது தெரியாது. முதல் பாட்டைக் கேட்டதும் ஃபோன் பழுது என்று நினைத்து, பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போய்த் திருத்தக் கொடுத்தேன். கடைக்காரர் ஸ்பீக்கரை மாற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தார். அதே சத்தம். இன்னொரு ஸ்பீக்கர் போட்டார். அதே சத்தம்.

"அக்கா, ஃபோனில பிழையில்லை. அந்த மனிசனிலதான் பிழை" என்றார்.

மெசினைத் தொடக்கினால் மில்லில் சினிமாப் பாட்டு எல்லாம் செத்துவிடும். இவன் சாகவில்லை. மெசினோடு மல்லுக்கு நின்றான். அதனால்தான் எனக்கு இவனைப் பிடித்தது. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

பக்கத்துக் கடையில் தைக்கிறவள் என் சிநேகிதி. பதினைந்து வருடப் பழக்கம். முதல் நாள் சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எடியே, என்ன அங்க, மாட்டை உயிரோட உரிக்கிறியோ?" என்று கேட்டாள். ஒரு கிழமை போனதும் தன்னுடைய ஃபோனிலும் அதையெல்லாம் ஏற்றித் தரச் சொன்னாள். வன்னி முழுக்க இவனைக் கேட்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைக்கிறேன். மூன்றாவது ஆள் இருந்தால் வந்து சொல்லட்டும்.

பத்து மணித் தேத்தண்ணிக்கு இருந்தால் எங்களுக்கு இதுதான் கதை. எது முதலாவது, எது கடைசி. மேடையில் பாடிப் பதிந்த அல்பத்தை இருவருமே ஐந்தாவதாகப் போட்டோம். பாதி கைதட்டல். கைதட்டல் கேட்பதென்றால் நான் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவுக்குப் போவேன். நாய்ப் படம் போட்டது நாலாவது. அதில் அவன் பஸ் கொண்டக்டர் மாதிரிக் கத்துகிறான், ஆனால் பஸ் எங்கே போகிறதென்று கடைசி வரை சொல்லவில்லை. ஒரே பாட்டு நாற்பது நிமிடம் ஓடுகிற அல்பம் மூன்றாவது. ஒரு மூட்டை அரிசி அரைத்து முடிக்க அது சரியாகக் காணும். அவன் சின்ன வயதில் போட்ட முதல் அல்பம் இரண்டாவது. தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். இவ்வளவுக்கும் எங்களுக்குள் பெரிய பிரச்சினை இல்லை.

பிரச்சினை அவனுடைய கடைசி அல்பம். அதில் மேளமும் இல்லை, கத்தலும் இல்லை. நான் அதை ஆறாவதாகப் போட்டேன். அவள் முதலாவதாகப் போட்டாள்.

"அதில என்ன இருக்கு? பாதி நேரம் ஒண்டுமே கேக்கேல்லை" என்றேன்.

"உனக்குக் கேக்காதடி. மெசின் ஓட ஓடக் கேட்டா என்னத்தைக் கேக்கும்?"

"நீயும் மெசினோடதானே இருக்கிறாய்."

"என்ரை கால் மெசின். உன்ரை பேய் மெசின்."

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. சட்டைக்கு அளவெடுக்கிறவளுக்குப் பாட்டை அளக்கத் தெரியாது என்றேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவாமல் வைத்துவிட்டு எழும்பிப் போனாள். அன்றிலிருந்து கதை பேச்சு இல்லை. ஒரு சுவர்தான் நடுவில். இரண்டு மாதம் போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் அவளுடைய வீடு கட்டி முடிந்தது. பதினொரு வருடம் ஓலைக் கொட்டிலில் இருந்தவள். அந்த வீட்டு அத்திவாரத்துக்கு நானும் கல் சுமந்தேன். கூரை போட்ட அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் நான்தான். புது வீட்டுக் குடிபூரலுக்கு நான் இல்லாமல் பால் காய்ச்சுவது என்றால் அது எனக்குச் சரிவராது. ஆனால் அவள் சொல்லாமல் போக முடியாது. எங்கள் பக்கத்தில் செத்த வீட்டுக்குச் சொல்லாமலும் போகலாம். நல்ல காரியத்துக்கு வீட்டுக்காரர் வந்து வாயால் சொல்ல வேண்டும். அழைப்புக் காட் மட்டும் வந்தால் அது கடதாசிதான்.

அவள் வரவில்லை. புருஷனை அனுப்பினாள். அந்த மனிசன் நல்லவர், பாவம். மில் வாசலில் காட்டை நீட்டிக்கொண்டு நின்றார்.

"வெள்ளிக்கிழமை குடிபூரல் அக்கா. கட்டாயம் வாங்கோ."

"அவா எங்க?"

"தையல் கூடவாம்."

"வாயாலயோ தைக்கிறா?"

அவர் சிரிக்கவில்லை. நான் காட்டை வாங்கவில்லை. புதன்கிழமை திரும்பி வந்தார். இந்த முறை ஊறவைத்து வடித்த அரிசியும் வறுத்த மிளகாய் மல்லியும் கொண்டுவந்திருந்தார். குடிபூரல் பலகாரத்துக்கு மா, கறிக்குத் தூள்.

"அவா ஒரு விசயம் சொல்லச் சொன்னவா" என்றார். "மெசினை நிப்பாட்டிப்போட்டு அந்தப் பாட்டை ஒருக்காக் கேக்கட்டாம். கேட்டாத் தான் வந்து சொல்லுவாவாம்."

"மெசினை நிப்பாட்டினா இந்தச் சனத்துக்கு நீங்களோ அரைச்சுக் குடுப்பியள்?"

அவர் வரிசையில் நின்ற சனத்தைப் பார்த்தார். பிறகு அரிசியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அரிசியைக் கொட்டி மெசினைத் தொடக்கினேன். அந்த ஆறாவது அல்பத்தையும் போட்டேன். "கேட்டேன், ஒன்றும் இல்லை" என்று சத்தியம் பண்ணிச் சொல்லுவதற்காகத்தான் போட்டேன். மா அரைந்தது. அல்பத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நான் நினைத்தது சரி என்று சந்தோசமாக இருந்தது. அடுத்ததாக மிளகாயைக் கொட்டினேன். பாதியில் கரண்ட் போனது.

மெசின் நின்றது. ஃபோன் நிற்கவில்லை.

விரல் கம்பியில் வழுக்கும் சத்தம் கேட்டது. அவன் மூச்சு எடுக்கும் சத்தம் கேட்டது. எங்கேயோ ஒரு கதிரை கிறீச்சிட்டது. ஆளுக்கு வயது போய்விட்டது. ஒரு அடி அடித்துவிட்டு, அது முற்றாக அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துதான் அடுத்ததை அடித்தான். அந்த இடைவெளி எல்லாவற்றையும் மூன்று வருடமாக என் மெசின்தான் நிரப்பியிருக்கிறது. நான் ஆறாவதாகப் போட்டது அவனை இல்லை, என் மெசினை.

கரண்ட் திரும்பி வந்தது. நான் சுவிச்சில் கை வைக்கவில்லை.

"பிள்ளை, கரண்ட் வந்திட்டுது" என்றார் ஓலைக் கடகத்தோடு நின்ற ஒரு அம்மா.

"தெரியும். இருங்கோ."

"ஆரும் மோசம் போயிட்டினமோ? செத்த வீடோ?"

"இல்லை அம்மா."

"அப்ப ஏன் மூக்கை உறிஞ்சிறாய்?"

"மிளகாய்" என்றேன். மிளகாயும்தான்.

பாட்டு முடிந்த பிறகுதான் மிச்சத்தை அரைத்தேன். வரிசையில் நின்றவர்கள் என்னைத் திட்டியது நியாயம்தான். எல்லோரையும் அனுப்பிவிட்டு மாவையும் தூளையும் நானே தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனேன். அவள் தலை நிமிரவில்லை. கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

"மா" என்றேன்.

"வை."

"தூள் கொஞ்சம் கூடுதலா வறுபட்டிட்டுது. பரவாயில்லை."

"ம்."

"ரெண்டாவது."

கால் நின்றது. "எது?"

"எதெண்டு உனக்குத் தெரியும்."

"ஆறில இருந்து ரெண்டுக்கோ?"

"ஓம்."

"அப்ப முதலாவது?"

"அது மாறாது. உன்ரை வீடு இடிஞ்சாலும் மாறாது."

அவள் துணியிலிருந்து ஊசியைத் தூக்கினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். குடிபூரலுக்கு முன் வீடு இடிவது பற்றிக் கதைக்கக் கூடாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"வெள்ளிக்கிழமை விடிய ஆறு மணிக்குப் பால் காய்ச்சிறம்" என்றாள். "அஞ்சு மணிக்கே வா. தேங்காய் இருபது திருவ வேணும். வந்து கையைக் கட்டிக்கொண்டு நிண்டியெண்டா வாசலோட துரத்திப்போடுவன்."

இதுதான் வாயால் சொல்வது.

வெள்ளிக்கிழமை இருபத்துமூன்று தேங்காய் திருவினேன். பால் பொங்கி வழியும்போது அவள் என் காதுக்குள், "அந்த நாய்ப் படத்தையும் ஒருக்கா மெசின் இல்லாமக் கேளன்" என்றாள். கேட்டேன். கடைசி அல்பம் மேலே ஏறியதால் அது ஐந்தாவதுக்கு இறங்கியிருந்தது. அங்கேயே இருக்கட்டும்.