இரண்டாவது பொட்டலம்

அம்சவள்ளிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. திண்டிவனத்துக் கல்லூரியில் மூன்று வருஷம் அவளோடு ஒரே பெஞ்சில் இருந்தவள் நான். அந்த பெஞ்சு ஆடாமல் ஒரு வகுப்பு முடிந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. கால் ஆடும். பேனா மூடியைக் கழற்றுவாள், மாட்டுவாள், மறுபடி கழற்றுவாள். விடுதியில் பல் துலக்குவதுகூட நடந்துகொண்டேதான்.

"ஒரு நிமிஷம் சும்மா இரேன்டி, பேஜாரு பண்ணிக்கினு!" என்று கத்துவேன்.

"நீ உக்காந்துக்கினு இருக்கலாம் லூர்து. உனுக்கு வாத்தியார் வூடு இருக்குது. நான் எங்கனா நின்னுட்டா அப்புறம் கரும்புக் கொல்லையிலதான் போய் நிக்கணும்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் கால் நிற்காது.

என் பெயர் லூர்துமேரி. அப்பா திண்டிவனத்தில் பள்ளிக்கூட வாத்தியார். எனக்கு மூக்குமேல் கோபம் வரும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்த விஷயத்தில் அந்தக் கோபத்துக்கும் பங்கு உண்டு.

அம்சவள்ளியின் ஊர் திருவெண்ணெய்நல்லூருக்கு அந்தாண்டை, பெண்ணையாற்றுப் பக்கம். ஊர் என்றால் ஊரல்ல, காலனி. அப்பா முத்துசாமி கரும்பு வெட்டப் போகிறவர். அம்மா குப்பம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். அங்கிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண் இவள்தான்.

எண்பத்தாறாம் வருஷம் எங்கள் சரித்திர மேடம் ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டார். அமெரிக்காவில் ஒரு கல்லூரி கோடை விடுமுறையில் ஐந்து வாரம் பயிலரங்கம் நடத்துகிறதாம். பல தேசத்து மாணவர்கள் வருவார்களாம். அமெரிக்க ஜனநாயகம் எப்படி நடக்கிறது, தலைமை தாங்குவது என்றால் என்ன என்று சொல்லித்தருவார்களாம். போகவர, தங்க, சாப்பிட எல்லாம் அவர்கள் பொறுப்பு. அம்சவள்ளி அன்றைக்கே எழுத உட்கார்ந்தாள். எங்கே உட்கார்ந்தாள்! வராந்தாவில் நடந்து நடந்து சொன்னாள், நான் எழுதினேன். அவள் காலனிப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் ஒன்றியத்து ஆபீஸ் வாசலில் நின்று ஒரு கைப்பம்பு வாங்கியது பற்றி. மெட்ராஸில் நேர்முகம் நடந்தது, அதிலும் தேறிவிட்டாள்.

பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க ஒரு போலீஸ்காரர் காலனிக்குப் போனாரே, அது ஒரு கூத்து. காக்கிச்சட்டையைப் பார்த்ததும் முத்துசாமி கரும்புக் கொல்லைக்குள் போனவர், சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. போலீஸ்காரர் குப்பம்மாளிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். "இன்னாய்யா, உன் பொண்ணு அமெரிக்கா போவுது, நீ கொல்லைய வுட்டு வெளிய வர மாட்டேன்ற" என்று ஊரே கேலி செய்தது. அவர் சிரிக்கவில்லை. அதை அப்போது நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. இடம் உறுதி. வருகிறேன் என்று வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தந்தி கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் காத்திருக்கிற அடுத்த ஆளுக்குப் போய்விடும். கடிதம் எங்கோ சுற்றி எங்கள் கைக்குக் கிடைத்ததே வியாழக்கிழமை. "நானும் வர்றேன்டி" என்று நானும் அவளோடு பஸ் ஏறினேன். விழுப்புரத்தில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கடிதத்தை நான் படித்துச் சொன்னேன். குப்பம்மாள் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். முத்துசாமி தலையைக் குனிந்துகொண்டே கேட்டுவிட்டு, "ஆத்தாவக் கேட்டுடலாம். நாளைக்கு வெள்ளிக்கிழமதான" என்றார்.

ஆத்தா என்றால் காலனியின் கெங்கையம்மன். கேட்பது என்றால் பூக் கட்டிப் பார்ப்பது. ஒரு செவ்வரளி, ஒரு நந்தியாவட்டை. தனித்தனியாக வாழையிலைத் துண்டில் வைத்து, ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றி, அம்மன் காலடியில் போடுவார்கள். ஒருவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். பெண் பார்ப்பது, மாடு வாங்குவது, கூரை வேய்வது எல்லாமே அங்கே இப்படித்தான்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏம்பா, மெட்ராஸ்ல அத்தினி பெரியவங்க கேள்வி கேட்டு எடுத்துருக்காங்க. இப்ப போய் பூவக் கேக்கலாமா?" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பாப்பா, எனுக்கு இருபது வயசுல அரக்கோணத்துல ரயில்வே கேங்குல, தண்டவாள வேலைக்குக் கூப்ட்டாங்க. எங்கப்பன் பூக் கட்டுனாரு. சேப்பு வந்துச்சி. ஆத்தா போவாதன்னா. நான் போவல. அவ பேச்சத் தட்டுனதே இல்ல நானு" என்றார்.

அம்சவள்ளியும் அவர் பக்கம்தான். "பூவு பொய் சொல்லாது லூர்து. எங்க காலனியில அதுல மட்டும் யாரும் தில்லுமுல்லு பண்ண மாட்டாங்க" என்று சொன்னாள். சொல்லிவிட்டு வீட்டுக்கும் பம்புக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். நாலு குடம் போதும், பதினாலு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

மறுநாள் காலையிலேயே கட்டியிருக்கலாம். பெரியப்பா விருத்தாசலம் வர வேண்டும் என்றார்கள். முத்துசாமியின் அண்ணன் அவர். வயசுப் பெண்ணைக் கடல்தாண்டி அனுப்புவதாவது என்று ஏற்கெனவே குதித்துக்கொண்டிருந்த ஆள். அவர் வேலைக்காட்டிலிருந்து வந்து, குளித்து, சோறு தின்று, வெற்றிலை போட்டுக்கொண்டு கிளம்ப மணி ஒன்றரை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் வெற்றிலைச் செல்லத்தைத் தூக்கி ஓடையில் எறிந்திருப்பேன். விழுப்புரத்துக்குப் போகிற பஸ் மூன்று மணிக்கு. அதை விட்டால் ஆறு மணிக்குத்தான்.

கோயில் என்பது ஒரு வேப்பமரமும் ஒரு சின்ன மேடையும். முத்துசாமி பின்பக்கம் போய்த் தனியாகப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். கட்டும்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாதாம், அது முறை. யார் எடுப்பது என்பதில் அடுத்த தகராறு. வீட்டுக் கை எடுக்கக் கூடாது. காலனிக் கையும் வேண்டாம், ஆளாளுக்கு ஒரு பக்கம் பேசியாகிவிட்டது. கடைசியில் விருத்தாசலமே என்னைக் காட்டினார். "இந்த வேதக்காரப் பொண்ணு எடுக்கட்டும். இதுக்கு நம்ம வழக்கு ஒண்ணும் தெரியாது."

மாதாவே, மாதாவே என்று மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டே கெங்கையம்மன் காலடியில் கை வைத்தேன். இரண்டும் ஒரே கனம். இடது பக்கம் இருந்ததை எடுத்துப் பிரித்தேன்.

செவ்வரளி.

குப்பம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். விருத்தாசலம் மட்டும், "ஆத்தாவுக்குத் தெரியாதா, எது நல்லதுன்னு" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். அம்சவள்ளி கைகூப்பி அம்மனைக் கும்பிட்டாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். எடுத்த கை என் கை. வலது பக்கம் இருந்ததை எடுத்திருக்கக் கூடாதா என்று என்னையே நான் திட்டிக்கொண்டேன்.

"அந்த இன்னொண்ண ஓடையில போட்டுட்டு வந்துடும்மா" என்றாள் குப்பம்மாள். அதுவும் எடுத்தவர் வேலையாம். எடுத்துக்கொண்டு ஓடைவரைக்கும் போனேன். ஆத்தா ஒதுக்கின பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கக் கூடாது, அப்படியே தண்ணீரில் விட வேண்டும் என்பது அங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை. அம்சவள்ளியை அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்க வேண்டிய அந்த வெள்ளைப்பூவை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிடலாம் என்றிருந்தது. நூலை இழுத்தேன்.

அதிலும் செவ்வரளி.

ஓடிவந்தேன். மூச்சு வாங்கியது. "இன்னாங்க இது? ரெண்டுலயும் சேப்பு! ரெண்டுலயும் சேப்பு வச்சா வெள்ள எங்கருந்து வரும்?" என்று விருத்தாசலத்தின் முகத்துக்கு நேரே பூவை நீட்டினேன். "உங்க வேலதான இது? வெக்கமா இல்ல உங்களுக்கு? அண்ணன் பொண்ணா இருந்தா என்ன, தம்பி பொண்ணா இருந்தா என்ன, ஒரு பொண்ணோட வாழ்க்கைங்க!"

"அடிங்க! இன்னா பேச்சு பேசுது பாரு இது! நான் பொட்டலத்தத் தொடவே இல்ல" என்று அவர் எகிறினார். காலனியே கூடிவிட்டது. பொட்டலத்தைப் பிரித்தது தப்பு என்று ஒரு பக்கம், ரெண்டும் சிவப்பு வைத்தது தப்பு என்று ஒரு பக்கம், கூச்சல்.

"அண்ணன் இல்ல. நான்தான்" என்றார் முத்துசாமி.

எனக்கு முதலில் புரியவில்லை. குப்பம்மாள் அவர் சட்டையைப் பிடித்தாள். "யோவ், இன்னாய்யா சொல்ற? இன்னா சொல்ற நீ?"

"ரெண்டும் சேப்புதான் வச்சேன்." அவர் வேப்பமரத்தடியில் குந்தினார். "இம்மாந்தூரம் போற புள்ள திரும்பி வருமா? வந்தாலும் இந்தக் குடிசைக்கு வருமா? கரும்பு வெட்டுறவன அப்பன்னு சொல்லுமா? பயமா இருந்துச்சி. வேணாம்னு சொல்ல எனுக்கு வாய் வரல. நான் சொன்னா என்மேல கோவப்படும். ஆத்தா சொன்னா கோவப்பட முடியாதுல்ல."

அம்சவள்ளி அவருக்கு எதிரே போய் நின்றாள். நான் அவளைப் பார்த்த மூன்று வருஷத்தில் அவள் கையும் காலும் ஆடாமல் நின்றது அப்போதுதான்.

"நான் போவலப்பா. ஆனா நீ சொல்லணும். போவாதன்னு உன் வாயால சொல்லு, இப்பவே நின்னுடறேன். ஆத்தா மேல போடாத" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். மகள் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் திறந்தார். இத்தனை செய்த மனுஷர், ஒரு வார்த்தைதானே, சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"மூணு மணி வண்டி போயிடப் போவுது" என்றார் முத்துசாமி. "ஜல்தி கெளம்பு."

நாங்கள் மூவரும் ஓடினோம். வண்டி கிடைத்தது. கிடைத்து என்ன, விழுப்புரத்துக்கு முன்னால் ரயில்வே கேட்டை மூடிவிட்டான். கூட்ஸ் வண்டி போகிறது, போகிறது, முடியவே இல்லை. அம்சவள்ளி ஸீட்டை விட்டு எழுந்து படிக்கட்டுக்குப் போவதும் கண்டக்டரிடம் மணி கேட்பதுமாக இருந்தாள். முத்துசாமி ஜன்னல் வழியாகத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கடப்பாரையோடு நாலைந்து கேங்மேன்கள் ஓரமாக நின்றார்கள்.

தந்தி ஆபீஸுக்குள் நுழையும்போது ஐந்துக்குப் பத்து நிமிஷம். அங்கேயும் அம்சவள்ளி நடந்து நடந்து சொல்ல, பாரத்தை நான்தான் எழுதினேன். முத்துசாமி அதை என் கையிலிருந்து வாங்கி, ஜன்னலுக்குள் அவரே நீட்டினார். "என் பொண்ணு அமெரிக்கா போவுதுங்க" என்று அந்த குமாஸ்தாவிடம் சொன்னார். குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஜூன் மாதம் போனாள். ஜூலை கடைசியில் வந்தாள். மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்தவளை அழைத்துவர முத்துசாமியும் நானும் விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் போனோம். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ரயில் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வந்து நின்றிருந்தார் மனுஷர். அவள் பெட்டியை இறக்கி வைத்ததும் எல்லோர் எதிரிலும் அவர் காலில் விழுந்து கும்பிட்டாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது, எனக்கும்தான்.

பெட்டியின் மேலேயே உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள், காலை ஆட்டிக்கொண்டு. ஒரு சின்ன ஊரின் தேர்தல் ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார்களாம். ஓட்டு எண்ணும்போது எல்லாக் கட்சிக்காரனும் பக்கத்தில் நின்று பார்க்கலாம், செல்லாத சீட்டைக்கூட எடுத்துக் காட்ட வேண்டும் என்றார்களாம்.

"நம்ம தேர்தல்லயும் அப்பிடித்தான், எங்க கெங்கையம்மன் கோயில்லதான் அப்பிடி இல்லன்னு எழுந்து சொன்னேன் லூர்து. பூக் கட்டுன கதை பூராவும் சொன்னேன். அப்பா பேரையும் சொல்லிட்டேன். அத்தினி தேசத்துப் பசங்களும் சிரிச்சாங்க. கென்யாவுலருந்து வந்த பொண்ணு ஒருத்தி மட்டும் சிரிக்கல. எங்கப்பாவும் அப்பிடித்தான் பண்ணாருன்னு சொல்லி என் கையப் புடிச்சிக்கினா."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். முத்துசாமி சிரிக்கவில்லை. பெட்டியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, அரக்கோணத்துக்கு எங்கப்பன் பூக் கட்டுனாருல்ல, அன்னைக்கு இன்னொரு பொட்டலத்த நானே கொண்டாந்து ஓடையில வுட்டேன். பிரிச்சுப் பாக்கல" என்றார்.

அம்சவள்ளியின் கால் நின்றது.

"சீ, தாத்தா அப்பிடிப் பண்ணியிருக்க மாட்டாருப்பா. அதுல வெள்ளதான் இருந்திருக்கும்" என்றாள் அவள்.

"இருந்திருக்கலாம்" என்றார். அவளை எழுப்பிவிட்டுப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். "ஆனா அவரும் அப்பன்தானம்மா."

திருவெண்ணெய்நல்லூர் பஸ் எங்கே நிற்கிறது என்று விசாரித்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார்.